சூதும் மருந்தும்



திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதனை அடுத்து வரும் 95ஆம் அதிகாரம் மருந்து. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் மறைபொருள் உண்டென்று வாதாட நான் வரவில்லை. ஆயினும், பிணி தீர்க்க உண்ட மருந்தே சிலரைச் சூதாட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும் விந்தையை மருத்துவ அறிஞர்கள் நம் காலத்தில் கண்டிருக்கின்றனர். வாழ்நாள் முழுதும் சீட்டுக்கட்டைத் தொட்டறியாத ஒருவர், அறுபதாம் அகவையில் சூதாட்ட மண்டபத்தில் இரவெல்லாம் விழித்திருக்கிறார். சிக்கனமே உருவான ஓர் இல்லத்தரசி, கடை கடையாக ஏறிக் கடன்பட்டுப் பொருள் வாங்கிக் குவிக்கிறார். 'முதுமையில் இப்படியும் ஒருவர் கெட்டுப்போவாரா?' என்று சுற்றத்தார் முகம் சுளிக்கின்றனர். கெட்டுப்போனது குணமா, அல்லது வேறொன்றா என்பதே இன்று நான் உங்களோடு பேச விரும்பும் பொருள்.

பார்க்கின்சன் நோய் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். நம்மவர் அதனை நடுக்குவாதம் என்பர். இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், 1817ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் 6 பேரே. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டுதான் அறிந்தார். ஓய்ந்திருக்கும் கை நடுங்குகிறது. உடல் முன்னோக்கி வளைகிறது. நடக்கத் தொடங்கினால் நடை ஓட்டமாக மாறுகிறது. இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கி எழுதிய பார்க்கின்சன், நோயாளியின் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றும் குறித்தார். உடலின் அசைவைப் பற்றி அவர் எழுதியது இன்றும் போற்றத்தக்கது. மனத்தைப் பற்றி அவர் எழுதியதையோ பின்வந்தோர் திருத்த வேண்டியதாயிற்று.

நோயின் இருப்பிடம் எது? நம் மூளையின் நடுப்பகுதியில், கருமை படர்ந்த சிறு பொருள் ஒன்று இருபுறமும் இருக்கிறது. அறிஞர்கள் அதனைக் கரும்பொருள் என்றே அழைக்கின்றனர். இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் அக்கருமை வெளிறிப் போயிருப்பதை, 1919ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் டிரெத்தியாகோஃப் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். அங்கே இருக்க வேண்டிய நரம்பணுக்கள் அழிந்துவிட்டன என்பதே அதன் பொருள். அந்த அணுக்கள் செய்யும் தொழில் யாது என்பது மேலும் நாற்பது ஆண்டுகள் விளங்காமலே இருந்தது.

அது விளங்கியதில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்பட்டு வந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் அதனை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுச் செவிகள் தொங்கக் கிடந்தன. பின்னர் அவற்றுக்கு டோபா என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. இஃது 1957ஆம் ஆண்டின் செய்தி. டோபா மூளைக்குள் சென்று டோபமின் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. அந்த டோபமினே உடலை இயக்கும் தூதுகளுள் ஒன்று என்று இவ்வாராய்ச்சிகளிலிருந்து தெரியவந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு, வேறிருவரோடு சேர்த்து, வழங்கப்பட்டது.

1960இல் வியன்னா நகரத்தில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இருவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை ஆய்ந்து, அங்கே டோபமின் மிகக் குன்றியிருப்பதைக் கண்டனர். மறு ஆண்டிலேயே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள் எழுந்தனர்; சில மணி நேரம் நடந்தனர். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர், டோபாவை வாய்வழியே சிறுகச் சிறுக மிகுத்துக் கொடுத்து, நன்மை நீடிக்கும் வழியைக் காட்டினார். அதன் பின்னர் லெவோடோபா இந்நோயின் தலையாய மருந்தாயிற்று. இன்றும் அதுவே தலையாய மருந்து.

மாணவர்களே, இவ்விடத்தில் சென்னையை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை நீங்கள் அறிவீர்கள். அதன் காயைத் தொட்டால் உடல் எல்லாம் அரிக்கும். அக்கொடியின் விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, 1937ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வுக்கூடம் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இருந்தது. அவர்கள் அதனைப் பிரித்தெடுத்தபோது, அப்பொருள் எந்த நோய்க்கு மருந்தாகும் என்பதை உலகில் எவரும் அறிந்திலர். கல்வியின் பயன் எப்போது, எவருக்குக் கிட்டும் என்று எவரால் கூற முடியும்?

இதுவரை சொன்னது வெற்றியின் வரலாறு. இனிச் சொல்லப்போவது அந்த வெற்றியின் நிழல்.

டோபமினுக்கு ஒரே தொழில்தான் என்று முதலில் எண்ணியிருந்தனர். கை கால்களை இயக்குவது அதன் ஒரு தொழில். அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. எது நன்மை தந்தது, எதனை மீண்டும் நாட வேண்டும் என்று மூளைக்குக் கற்பிப்பது அத்தொழில். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இது மிக நெருங்கிய செய்தி ஆகையால், சற்றே விரித்துச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்து நாட்டில் உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். குரங்கின் நடுமூளையில் டோபமின் சுரக்கும் அணுக்களின் துடிப்பை அவர் அளந்துகொண்டே இருந்தார். எதிர்பாராத வேளையில் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்தது. உடனே அணுக்கள் விரைந்து துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்னர், அணுக்கள் சாற்றுக்குத் துடிக்கவில்லை, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு சட்டென்று தாழ்ந்தது. ஆக, எண்ணியதற்கு மேல் கிடைத்தால் ஏற்றம். எண்ணியது கிடைக்காவிட்டால் இறக்கம். ஏற்றம் 'இதனை மீண்டும் செய்' என்கிறது. இறக்கம் 'இதனை விட்டுவிடு' என்கிறது. வகுப்பில் நாம் விடைத்தாளில் இடும் சரி, தவறு என்னும் இரண்டு குறிகளைப் போன்றவை இவை.

டோபமின் சென்று சேரும் இடங்களுள் முதன்மையானது, மூளையின் ஆழத்தில் வரி வரியாகத் தோன்றும் ஒரு பகுதி. அதனை வரிப்பொருள் என்போம். அதன் மேற்பகுதி உடல் அசைவோடும் பழக்கத்தோடும் தொடர்புடையது. அதன் கீழ்ப்பகுதி விருப்பத்தோடும் பரிசைக் கற்பதோடும் தொடர்புடையது. பார்க்கின்சன் நோய் இவ்விரண்டையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. 1988இல் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் கிஷ் என்பவரும் உடனிருந்தோரும் இறந்தோரின் மூளைகளை அளந்து, இந்தச் சமமின்மையை வெளியிட்டனர். அசைவுக்குரிய மேற்பகுதியில் டோபமின் ஏறக்குறைய வற்றிப்போயிருக்கிறது. விருப்பத்திற்குரிய கீழ்ப்பகுதியிலோ, அதே நோயாளியிடம், அதைவிட மிகுதியாக எஞ்சியிருக்கிறது.

ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்கள் பாசனம் பெறுவதாக எண்ணிப் பாருங்கள். மேட்டு வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. பள்ளத்து வயலில் ஈரம் இன்னும் இருக்கிறது. காய்ந்த வயலைக் காப்பாற்ற மதகைத் திறந்தால், மேட்டு வயல் பிழைக்கிறது. பள்ளத்து வயலில் பயிர் நீரில் மூழ்குகிறது. மருத்துவர் கொடுக்கும் அளவு நடுங்கும் கைக்கு ஏற்ற அளவு. ஆயினும் அந்த அளவு விருப்பத்தின் வயலுக்கு வெள்ளமாகி விடலாம். இந்நோயில் மருந்து ஒருபுறம் காத்து மறுபுறம் கெடுக்கும் நிலையை அறிஞர்கள் இவ்வாறே விளக்குகின்றனர்.

லெவோடோபாவை அன்றி, வேறு ஒரு வகை மருந்தும் இந்நோய்க்கு உண்டு. அவை டோபமினாக மாறுவதில்லை. டோபமினைப் போலவே நடிப்பவை. டோபமின் சென்று பொருந்தும் ஏற்பிகள் என்னும் பூட்டுகளில், இவை மாற்றுச் சாவிபோல் பொருந்தித் திறக்கின்றன. பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்னும் இரண்டும் 1997இல் அமெரிக்காவில் இசைவு பெற்றன. கைகளின் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைப்பதில் இவை நல்ல துணை. ஆனால், வரிப்பொருளின் கீழ்ப்பகுதியில் மிகுதியாக உள்ள ஒரு வகைப் பூட்டில் இவை சிறப்பாகப் பொருந்துகின்றன. அதனால்தான் பள்ளத்து வயலில் வெள்ளம் மிகுகிறது என்று கருதுகின்றனர்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவர்கள் பார்த்த நோயாளிகள் 1,884 பேர். அவர்களுள் 9 பேர் சூதாட்டத்தில் சிக்கித் தவித்தனர். அந்த 9 பேரும் டோபமினைப் போல் நடிக்கும் மருந்துகளை உண்டவர்கள். இந்த எண்ணிக்கை சிறிதுதான். ஆனால், கேட்டால்தானே தெரியும்? நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்ட மருத்துவர்கள், 'நீங்கள் சூதாடுகிறீர்களா?' என்று அதற்கு முன் எதற்காகக் கேட்டிருக்கப் போகிறார்கள்? முறையாகக் கேட்கத் தொடங்கியபோது எண்ணிக்கை உயர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவ நிலையங்களில் 3,090 நோயாளிகளை உசாவிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. நூற்றுக்கு 13.6 பேரிடம் அடக்கவொண்ணா உந்துதல் ஏதேனும் ஒன்று இருந்தது. சூதாட்டம் 5 பேரிடம். பொருள் வாங்கும் வெறி 5.7 பேரிடம், காம இச்சையின் மிகுதி 3.5 பேரிடம், அளவிறந்து உண்ணுதல் 4.3 பேரிடம். சிலரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவையும் இருந்தன. டோபமினைப் போல் நடிக்கும் மருந்தை உண்டவர்களுள் நூற்றுக்கு 17.1 பேரும், உண்ணாதவர்களுள் 6.9 பேரும் இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தனர். மருந்து தொடங்கப்பெறாத புதிய நோயாளிகளை ஆய்ந்தபோது, நோயற்றவர்களைக் காட்டிலும் அவர்களிடம் இவ்வுந்துதல் மிகுதியாகக் காணப்படவில்லை. நோய் தனியே நின்று இதனைச் செய்யவில்லை; நோய் மாற்றிவிட்ட மூளையில் மருந்து சென்று செய்கிறது.

இன்னும் ஒரு விந்தையான பழக்கமும் சிலரிடம் தோன்றுகிறது. கடிகாரத்தைக் கழற்றுவர், பூட்டுவர், மீண்டும் கழற்றுவர். அலமாரியில் உள்ள பொருள்களை இரவெல்லாம் எடுத்து எடுத்து அடுக்குவர். அவர்களுடைய பழைய தொழிலோ பொழுதுபோக்கோதான் பெரும்பாலும் இவ்வாறு உருமாறி வருகிறது.

சூதாட்டத்தில் தோற்றால் மனம் வெறுத்து விலக வேண்டும் அல்லவா? இவர்கள் ஏன் விலகுவதில்லை? இக்கேள்விக்கு விடையாக, 2004இல் மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் உடனிருந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சில படக்குறிகளைக் காட்டி, எதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரி, எதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தவறு என்று பட்டறிவால் கற்குமாறு செய்தனர். மருந்து உண்ணாத வேளையில் நோயாளிகள் தவற்றிலிருந்து நன்கு கற்றனர். மருந்து உண்ட வேளையில் சரியிலிருந்து நன்கு கற்றனர். தவற்றிலிருந்து கற்பது குன்றிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். எனக்கு இது மிக எளிதாக விளங்குகிறது. ஒரு மாணவன் எழுதும் விடை எதுவாயினும், ஆசிரியர் சரி என்றே குறியிட்டுத் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு நாளும் கணக்குக் கற்கமாட்டான். அவன் மூடன் அல்லன், சோம்பேறியும் அல்லன். அவனுக்குத் தவறு என்ற செய்தியே வந்து சேரவில்லை. டோபமினைப் போல் நடிக்கும் மருந்து மூளையில் இதைத்தான் செய்வதாகக் கருதுகின்றனர். தோல்வி வந்த கணத்தில் டோபமின் தாழ வேண்டும். அதுதான் தவறு என்னும் குறி. மருந்தோ பூட்டுகளை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கிறது. ஆதலால் தாழ்வு தாழ்வாகத் தெரிவதில்லை. பணம் போனது கண்ணுக்குத் தெரிகிறது, அறிவுக்கும் தெரிகிறது, ஆனால், மீண்டும் ஆடாதே என்று உள்ளிருந்து தடுக்க வேண்டிய அந்த மெல்லிய குரல் எழுவதில்லை.

தடுக்கும் பகுதி ஒன்று நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்புறத்தில் இருக்கிறது. விளைவை எண்ணிப் பார்ப்பதும், கையைப் பின்னுக்கு இழுப்பதும் அதன் பணி. டொராண்டோ நகரத்து ஆய்வாளர்கள் மூளையைப் படம்பிடித்துக் காணும் கருவிகளைக் கொண்டு, சூதாட்ட வெறி உண்டான நோயாளிகளையும் அஃது உண்டாகாத நோயாளிகளையும் ஒப்பிட்டனர். 2009இல் வெளிவந்த ஆய்வில், சீட்டு விளையாட்டின்போது முதல் வகையினரின் வரிப்பொருளின் கீழ்ப்பகுதியில் டோபமின் மிகுதியாகச் சுரந்ததைக் கண்டனர். 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், டோபமினைப் போல் நடிக்கும் மருந்து செலுத்தப்பட்டவுடன், அவர்களுடைய முன்மூளையின் தடுக்கும் பகுதிகளில் இயக்கம் குறைந்ததைக் கண்டனர். வண்டியை இழுக்கும் மாடு வெறிகொள்கிறது. அதே வேளையில் மூக்கணாங்கயிறும் தளர்கிறது. ஆராயப்பட்டவர்கள் சிலரே ஆயினும், இவ்விரண்டும் சேர்ந்த நிலையே இத்துன்பம் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

என்னோடு பல்லாண்டுகள் பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவரைப் பற்றி இங்கே கூற வேண்டும். பேருந்துக் கட்டணத்தைக்கூடக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் இயல்பினர் அவர். ஓய்வு பெற்ற பின்னர் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. மருந்து உண்டார், கை நடுக்கம் குறைந்தது, மீண்டும் பேனா பிடித்து எழுதினார். எல்லோரும் மகிழ்ந்தோம். ஓராண்டு சென்றபின் அவர் வீட்டிற்குச் சென்றேன். கூடத்தில் பிரிக்கப்படாத அட்டைப் பெட்டிகள் சுவர் உயரத்திற்கு அடுக்கியிருந்தன. சுவர்க்கடிகாரங்கள் மட்டும் பதினொன்று. ஓய்வூதியம் வந்த வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்று அவருடைய துணைவியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதையெல்லாம் வெளியில் யாரிடம் சொல்வது, சார்? பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை" என்றார். நண்பர் என் முகத்தைப் பாராமலே பேசினார். "வாங்கும் வரையில் மனம் பறக்கிறது, சார். வாங்கி வந்த பின் பெட்டியைப் பிரிக்கக்கூடத் தோன்றுவதில்லை."

அவர் கூறிய அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. வேண்டும் என்னும் வேட்கை வேறு; பெற்றதில் மகிழும் இன்பம் வேறு; மூளையில் இவ்விரண்டின் வழிகளும் ஒன்றல்ல என்று அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர் கென்ட் பெரிட்ஜ் நெடுங்காலமாக ஆராய்ந்து கூறிவருகிறார். டோபமின் வேட்கையை மூட்டுகிறது. இன்பத்தை அது தருவதில்லை என்பது அவர் கொள்கை. நூலில் நான் பின்னர் படித்ததை நண்பர் தம் வாழ்க்கையிலிருந்து முன்னரே எனக்குச் சொல்லியிருந்தார்.

அவருடைய மருத்துவர் அடுத்த முறை, துணைவியாரையும் உடன் அமர்த்தி, "இவர் முன்பு செய்யாத எதையேனும் இப்போது செய்கிறாரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பல மாதத் துன்பம் வெளிவந்தது. மருந்தின் வகையை மருத்துவர் சிறுகச் சிறுக மாற்றினார். சில வாரங்களில் வேட்கை தணிந்தது. கை நடுக்கம் முன்னைவிடச் சற்றே கூடிற்று. நண்பர் அதனைப் பொறுத்துக்கொண்டார். இன்றும் சில கடிகாரங்கள் அவ்வீட்டில் பெட்டியிலேயே இருக்கின்றன.

இனி உங்கள் உள்ளத்தில் எழக்கூடிய ஒரு வினாவை நானே எழுப்புகிறேன். குணத்தைக்கூட ஒரு மாத்திரை மாற்றிவிடும் என்றால், குற்றம் என்பதே இல்லையா? எவனும் எதற்கும் 'என் மூளை செய்தது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

அவ்வாறு கொள்வது பொருந்தாது. இம்மருந்துகளை உண்பவர்களுள் பெரும்பாலோர் எவ்வித உந்துதலுக்கும் ஆளாவதில்லை. வயதில் இளையவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் இருந்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோரிடம் இது சற்று மிகுதி என்று அந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. மருந்தோடு பிறப்பும் வளர்ப்பும் பழக்கமும் சேர்ந்தே விளைவை ஆக்குகின்றன. அன்றியும், உந்துதல் எழுவதைத் தடுக்க இயலாதவரும், 'எனக்கு இப்படி ஓர் உந்துதல் எழுகிறது' என்று பிறரிடம் சொல்ல இயலும். பொறுப்பு அங்கே இருக்கிறது. எழுந்த உந்துதலுக்காக ஒருவரைப் பழிப்பது அறமாகாது. அதனை மறைக்காமல் சொல்வது அவர் கடமை. அவர் சொல்வதற்கு அஞ்சாதபடி நடந்துகொள்வது நம் கடமை. மருந்து தொடங்கும் நாளிலேயே இதனை எடுத்துரைப்பதும், ஒவ்வொரு முறையும் கேட்பதும் மருத்துவர் கடமை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஒரு குடும்பம் கடனில் மூழ்கிவிடும்.

நளனுடைய கதையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அறம் பிழையாத மன்னன். அவனே சூதாடி நாட்டை இழக்கிறான். இத்தகையவன் எவ்வாறு இப்படிச் செய்வான் என்ற கேள்வி பழங்காலத்துப் புலவர்களையும் வருத்தியிருக்க வேண்டும். கலி அவன் உடலில் புகுந்தான் என்று அவர்கள் விடை கண்டனர். கலியை நான் மூளையில் தேடவில்லை. ஆனால், நல்லவன் ஒருவன் திடீரென்று தன் இயல்புக்கு மாறாக நடந்தால், அவனை வெறுப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்னும் இரக்கம் அக்கதையில் இருக்கிறது. அந்த இரக்கம் நமக்குத் தேவை. தமயந்தி நளனைப் பழித்து ஒதுக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

நீங்கள் இளைஞர்கள். நடுக்குவாதம் பெரும்பாலும் முதுமையில் வருவது. ஆயினும் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தாத்தா ஒருவர், பாட்டி ஒருவர் இந்நோய்க்கு மருந்து உண்பவராக இருக்கலாம். அவர்களிடம் முன்பில்லாத செலவு, சூது, இடைவிடாத உணவு, இரவெல்லாம் உறங்காமல் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை தோன்றினால், நகைக்காதீர்கள், ஊரில் பரப்பாதீர்கள். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். சிறிது காலம் பணப் பொறுப்பை வீட்டில் மற்றொருவர் ஏற்பதும் நன்று. அதனை அவருடைய மதிப்புக் குறையாமல் செய்ய வேண்டும்.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மருந்துதான் காரணம் என்று கேட்டவுடன் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. டோபமினைப் போல் நடிக்கும் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால், உடல் இறுகி அசைவற்றுப் போகும்; சிலருக்குப் பெரும் கலக்கமும் சோர்வும் அச்சமும் உண்டாகும். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் கண்காணிப்பில், படிப்படியாகவே நடைபெற வேண்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது என்று நான் சொன்னதைக் கொண்டு, அதனை இடித்து உண்ணத் தொடங்கவும் கூடாது. அளவு தெரியாத மருந்து மதகில்லாத வாய்க்கால்.

இம்மருந்துகளால் எழுந்து நடந்தவர்கள், எழுதியவர்கள், தம் கையால் சோறு உண்டவர்கள் உலகெங்கும் எண்ணற்றோர். அந்த நன்மையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பார்க்கின்சன், கையின் நடுக்கத்தைக் கண்ணால் கண்டு எழுதினார். மனத்தில் உண்டாகும் நடுக்கம் அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பவர் பழிக்காதவராக இருந்தால்தான் நோயாளி விடை சொல்வார். உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், எல்லோரும் ஒரு குடும்பத்தில் வாழ்வீர்கள். எப்பணியில் இருந்தாலும், தீர்ப்புக் கூறுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கனிவோடு கேட்கும் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.